எஸ்.பி.பி. பாட, இளையராஜா கிட்டார் வாசிக்க... அந்தக் குழு ஏன் கலைந்தது?

மைக் முன்னால் எஸ்.பி.பாலசுப்ரமணியம். பக்கத்தில் கிட்டாரோடு இளையராஜா. இன்னொரு கிட்டார் கங்கை அமரன் கையில். தாள வாத்தியத்தில் அண்ணன் பாஸ்கர். ஆர்மோனியத்தில் அனிருத்தா.

இன்று இப்படி ஒரு மேடை அமைந்தால் டிக்கெட் விலை எங்கே போய் நிற்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஆனால், இந்த ஐந்து பேரும் ஒரே குழுவாகக் கச்சேரி செய்த காலம் ஒன்று உண்மையிலேயே இருந்தது. 1960-களின் கடைசி, 1970-களின் தொடக்கம். அப்போது ‘இளையராஜா’ என்ற பெயரே கிடையாது. அவர் வெறும் ராஜா.

சில ஆண்டுகளில் அந்தக் குழு இல்லாமல் போனது. பிரிவு அறிவிப்பு எதுவும் வரவில்லை. ஆளாளுக்கு வேலை கூடியது, சேர்ந்து மேடை ஏறுவது குறைந்தது, அவ்வளவுதான். ஆனால், அந்தக் குழுவில் யாரும் பேசித் தீர்க்காத ஒரு கேள்வி, சுமார் 45 ஆண்டுகள் கழித்து வக்கீல் நோட்டீஸாகத் திரும்பி வந்தது. பாட்டு யாருக்குச் சொந்தம்?

குழு எப்படிச் சேர்ந்தது, ஏன் கலைந்தது, அந்தக் கேள்வி இன்று விருதுநகர், சிவகாசித் திருவிழா மேடைகள் வரை ஏன் வந்து நிற்கிறது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

யார் இவர்கள், எங்கிருந்து வந்தார்கள்?

குழுவுக்குத் தலைவர் எஸ்.பி.பி.தான். 1946-ல் பிறந்தவர். எஞ்சினீயரிங் படிக்கப் போய், பாட்டில் மாட்டிக்கொண்டவர். 1964-ல் சென்னையில் நடந்த ஒரு தெலுங்குப் பாட்டுப் போட்டியில் முதல் பரிசு வாங்கினார். இசையமைப்பாளர் எஸ்.பி.கோதண்டபாணி அவருடைய திறமையைக் கண்டுகொண்டார். 1966 டிசம்பரில், ‘ஸ்ரீ ஸ்ரீ ஸ்ரீ மரியாத ராமண்ணா’ என்ற தெலுங்குப் படத்துக்காக முதல் பாட்டு பதிவானது.

பண்ணைப்புரம் சகோதரர்கள் வந்த வழி வேறு. அவர்களுக்கு இது இரண்டாவது குழு. முதல் குழுவை நடத்தியவர் மூத்த அண்ணன் பாவலர் வரதராஜன். கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் பாடியவர். மக்கள் ஏற்கெனவே முணுமுணுக்கும் சினிமா மெட்டை எடுத்து, அதில் அரசியல் வரிகளைப் போட்டுப் பாடுவார். 1958-ல் கேரளத்தின் தேவிகுளம் இடைத்தேர்தலில், தேயிலைத் தோட்டத் தமிழ்த் தொழிலாளர்கள் மத்தியில் அவர் பாடிய பாட்டுகளுக்குக் கட்சியின் வெற்றியில் பங்கு உண்டு என்று இன்றும் சொல்வார்கள்.

இளையராஜா அந்தக் குழுவில் சேரும்போது அவருக்கு வயது 14. அடுத்த பத்தாண்டு ஊர் ஊராக மேடைதான் பள்ளிக்கூடம். எந்த மெட்டுக்குக் கூட்டம் நிமிர்ந்து உட்காரும், எதற்கு எழுந்து போகும் என்று அங்கே கற்றுக்கொண்டார்.

1960-களின் கடைசியில் சகோதரர்கள் சென்னைக்கு வந்தார்கள். தன்ராஜ் மாஸ்டரிடம் ராஜா மேற்கத்திய இசை கற்றார். பகலில் ஸ்டூடியோக்களில் கிட்டார் வாசித்தார். சலில் சௌத்ரிக்கு வாசித்தார். கன்னட இசையமைப்பாளர் ஜி.கே.வெங்கடேஷிடம் உதவியாளராகச் சேர்ந்தார். சாயங்காலம் ஆனால் எஸ்.பி.பி. குழுவோடு மேடை.

‘லைட் மியூசிக்’ குழுவும் ராக் பேண்டும் ஒன்றா?

பார்க்க ஒன்று போலத்தான் இருக்கும். கிட்டார், டிரம்ஸ், கீபோர்டு, நடுவில் ஒரு பாடகர். ஆனால் அடிப்படையே வேறு.

விருதுநகர் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பராசக்தி மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கல், சிவகாசி பத்ரகாளியம்மன் கோயில் சித்திரைப் பொங்கல் என்று திருவிழாவுக்குத் திருவிழா மேடை போடும் மண் இது. ராத்திரி கச்சேரியில் முதல் பாட்டு பக்திப் பாட்டு. அப்புறம் ‘அண்ணே, ராஜா சார் பாட்டு ஒண்ணு’ என்று துண்டுச்சீட்டு மேடைக்கு வரும். கூட்டம் எதிர்பார்ப்பது புதுப் பாட்டை அல்ல. ரேடியோவில் கேட்டது அச்சு அசலாக அப்படியே வர வேண்டும். இடையிசையில் புல்லாங்குழல் ஒரு இடத்தில் தவறினால்கூட முன்வரிசைக்குத் தெரிந்துவிடும்.

அதாவது, லைட் மியூசிக் குழுவிடம் சொந்தப் பாட்டு கிடையாது. அடுத்தவர் பாட்டை அச்சாக வாசிப்பதுதான் அதன் தொழில், அதன் பெருமையும் அதுதான். ராக் பேண்ட் என்றால் எழுதுவது, மெட்டமைப்பது, வாசிப்பது, பாடுவது எல்லாம் அதே நாலைந்து பேர். பாட்டு அவர்கள் பெயரில் இருக்கும். ஆல்பம் விற்றால் பங்கு வரும். ஒருவர் விலகினால் அந்தப் பாட்டை இனி யார் வாசிப்பது என்ற கேள்வி எழும்.

சொந்தப் பாட்டு ஒரு குழுவுக்குப் பொதுச் சொத்து மாதிரி. சண்டை வந்தாலும், அந்தச் சொத்துக்காகவாவது சேர்ந்திருக்க ஒரு காரணம் இருக்கும். எஸ்.பி.பி. குழுவில் அப்படி ஒன்று இல்லை. நட்பும் கச்சேரித் தேதியும் மட்டும்தான் அவர்களைச் சேர்த்து வைத்திருந்தன.

சிவகாசி பாஷையில் சொன்னால், அது ஒரே திரியில் கோத்த சரவெடி இல்லை. ஒரே பெட்டியில் இருந்த தனித்தனி வெடிகள். ஒவ்வொன்றுக்கும் தனித் திரி.

கலைந்தது எப்படி?

முதல் திரி 1969-ல் பற்றியது. ‘சாந்தி நிலையம்’, ‘அடிமைப் பெண்’ என்று இரண்டு படங்கள். ‘ஆயிரம் நிலவே வா’ பாட்டுக்காக, உடல்நலம் குன்றிப் படுத்திருந்த எஸ்.பி.பி. தேறி வரும்வரை எம்.ஜி.ஆர். காத்திருந்தார் என்பது அவரே பலமுறை சொன்ன கதை. அதற்குப் பிறகு அவர் தமிழிலும் தெலுங்கிலும் தேடப்படும் குரல்.

இங்கே ஒரு கணக்கைக் கவனிக்க வேண்டும். சினிமாவில் பாடகருக்குச் சம்பளம் பாட்டுக்கு இவ்வளவு என்று. வாத்தியக்காரருக்குக் கால்ஷீட்டுக்கு இவ்வளவு என்று. உதவி இசையமைப்பாளருக்கு வேறு கணக்கு. ஒரே மேடையில் நிற்கும் ஐந்து பேரையும் சினிமா ஐந்து தனித்தனி ஆட்களாகத்தான் பார்க்கிறது. ‘உங்கள் குழுவைக் கூட்டிக்கொண்டு வாருங்கள்’ என்று அது கூப்பிடுவதில்லை. ‘நீங்கள் மட்டும் வாருங்கள்’ என்றுதான் கூப்பிடும்.

பாடகருக்கு ரெக்கார்டிங் கூடக் கூட, கச்சேரித் தேதி குறையும். கச்சேரி குறைந்தால் மற்ற நால்வருக்கும் வருமானம் குறையும். அவர்களும் ஸ்டூடியோவில் கூடுதல் வேலை தேடுவார்கள். அப்புறம் எல்லாரும் ஒன்றாக ஃப்ரீயாக இருக்கிற சாயங்காலம் கிடைப்பதே கஷ்டம். யார் மீதும் தப்பில்லாமலே ஒரு குழு கலைகிற விதம் இது.

இரண்டாவது திரி 1976. பஞ்சு அருணாசலம் தயாரித்த ‘அன்னக்கிளி’. ஏ.எம்.ராஜா என்ற பெயரில் ஏற்கெனவே புகழ்பெற்ற பாடகர் இருந்ததால், புது இசையமைப்பாளர் பெயருக்கு முன்னால் ‘இளைய’ சேர்ந்தது. கவனித்தீர்களா, அந்தப் படத்தில் எஸ்.பி.பி. குரல் இல்லை. எஸ்.ஜானகி, பி.சுசீலா, டி.எம்.சௌந்தரராஜன் பாடினார்கள். பழைய குழுவின் கிட்டார் கலைஞர், குழுத் தலைவர் இல்லாமலே ஒரே படத்தில் தமிழ்நாடு முழுக்கப் போய்ச் சேர்ந்தார்.

மற்றவர்களுக்கும் தனிப் பாதை கிடைத்தது. கங்கை அமரன் ‘16 வயதினிலே’ படத்தில் ‘செந்தூரப்பூவே’ எழுதினார். பிறகு இயக்குநராகி ‘கோழி கூவுது’, ‘கரகாட்டக்காரன்’ என்று வெற்றி கண்டார். பாஸ்கர் தயாரிப்பாளரானார். பாரதிராஜாவின் ‘அலைகள் ஓய்வதில்லை’ அவர் தயாரித்ததுதான். நிறுவனத்தின் பெயர் பாவலர் கிரியேஷன்ஸ். முதல் குழுவின் அண்ணன் பெயர் அங்கே உயிரோடு இருந்தது.

அதே சமயம் கனடாவில் என்ன நடந்தது?

எஸ்.பி.பி. முதல் பாட்டைப் பதிவு செய்த அதே 1966-ல், டொராண்டோவில் ‘தி மைனா பேர்ட்ஸ்’ என்றொரு ராக் குழு இருந்தது. பாடகர் ரிக் ஜேம்ஸ். கிட்டார் நீல் யங். பேஸ் கிட்டார் புரூஸ் பாமர். பின்னாளில் ரிக் ஜேம்ஸ் ஃபங்க் இசையில் பெரிய நட்சத்திரம் ஆனார். நீல் யங் ராக் இசையின் பெரிய பெயர்களில் ஒருவர். இப்படிப்பட்ட இரண்டு பேர் ஒரே குழுவில்!

அவர்களிடம் சொந்தப் பாட்டு இருந்தது. டெட்ராய்ட் நகரின் புகழ்பெற்ற மோட்டவுன் நிறுவனத்தோடு ஒப்பந்தமும் இருந்தது. அங்கே போய்ப் பாட்டுப் பதிவும் செய்தார்கள். அப்போதுதான் ஒரு ரகசியம் வெளியே வந்தது. ரிக் ஜேம்ஸ் அமெரிக்கக் கடற்படையிலிருந்து சொல்லாமல் ஓடி வந்தவர். அவர் அதிகாரிகளிடம் சரணடைய, மோட்டவுன் ஆல்பத்தை நிறுத்திவிட்டது. பதிவான பாட்டு அப்போது வெளிவரவே இல்லை; 2006-ல்தான் ஒரு தொகுப்பில் வெளியானது.

நீல் யங்கும் பாமரும் கருவிகளை அடகு வைத்து, சவ ஊர்தி ஒன்றை வாங்கிக்கொண்டு லாஸ் ஏஞ்சல்ஸுக்கு ஓட்டிப் போனார்கள். அங்கே அவர்கள் சேர்ந்த ‘பஃபலோ ஸ்பிரிங்ஃபீல்டு’ குழுவும் 1968-ல் கலைந்தது.

இரண்டு கதைகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மைனா பேர்ட்ஸிடம் ஒரு குழு நிலைக்கத் தேவையான பாட்டு, ஒப்பந்தம் இரண்டும் இருந்தன. ஒரே அடியில் உடைந்தது. சென்னைக் குழுவிடம் இரண்டும் இல்லை. அடியே விழாமல் கரைந்தது. அங்கே கலைந்தவர்கள் போய் இன்னொரு பேண்ட் தொடங்கினார்கள். இங்கே கலைந்தவர்கள் சினிமாவுக்குள் போனார்கள். ஏனென்றால், இங்கே பாட்டுக்குச் சந்தை என்று இருந்தது சினிமா ஒன்றுதான்.

ரஹ்மானுக்கும் இதேதானா?

கிட்டத்தட்ட. சினிமாவுக்கு வருவதற்கு முன் ஏ.ஆர்.ரஹ்மான் ‘ரூட்ஸ்’ என்ற குழுவில் கீபோர்டு வாசித்தார். டிரம்மர் சிவமணி, கிட்டார் கலைஞர் ஜான் அந்தோணி, சுரேஷ் பீட்டர்ஸ் எல்லாரும் அதில் இருந்தவர்கள். ‘நெமெஸிஸ் அவென்யூ’ என்ற ராக் குழுவிலும் ரஹ்மான் இருந்தார்.

1992-ல் ‘ரோஜா’ வந்தது. அடுத்த ஆண்டு ‘ஜென்டில்மேன்’ படத்தில் ‘சிக்கு புக்கு ரயிலே’ பாடிய குரல்களில் ஒன்று சுரேஷ் பீட்டர்ஸுடையது. 1994-ல் ‘காதலன்’ படத்தின் ‘பேட்டை ராப்’ பாட்டிலும் அவர் இருந்தார். பேண்டில் வாசித்த நண்பர்கள் ரெக்கார்டிங்கிலும் சேர்ந்தே வேலை செய்தார்கள். ஆனால் அட்டையில் குழுவின் பெயர் இல்லை. இசை, ஒருவர் பெயர். பாட்டு, ஒருவர் பெயர்.

பிரிந்தவர்கள் சேர்ந்தால் அது பிரிவா?

எஸ்.பி.பி.யும் இளையராஜாவும் அதற்குப் பிறகு சேர்ந்து செய்த பாட்டுகளைத் தமிழர்கள் யாருக்கும் பட்டியல் போட்டுக் காட்ட வேண்டியதில்லை. ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்தின் ‘இளைய நிலா’ ஒன்று போதும், கிட்டாரும் குரலும் எப்படிப் பேசிக்கொள்ளும் என்று காட்ட. ‘சாகர சங்கமம்’ (தமிழில் ‘சலங்கை ஒலி’), ‘ருத்ரவீணா’ ஆகிய இரண்டு தெலுங்குப் படங்களுக்கும் இசைக்கான தேசிய விருது இளையராஜாவுக்கு, பாடகருக்கான தேசிய விருது எஸ்.பி.பி.க்கு. ஒரே படத்துக்கு இருவரும் விருது வாங்கியது இரண்டு முறை.

ஆனால் ஒன்று மாறிவிட்டது. குழுவில் தலைவர் பாடகர்; ராஜா அவருக்குப் பக்கத்தில் வாசித்தவர். ஸ்டூடியோவில் தலைவர் இசையமைப்பாளர். பாடகர் அவர் கூப்பிட்டால் வருபவர். ‘வாடா, போடா’ நட்பு அப்படியே இருந்திருக்கலாம். காகிதத்தில் இருவருடைய இடமும் வேறு வேறு. சட்டம் படிப்பது அந்தக் காகிதத்தைத்தான்.

2017-ல் நடந்தது என்ன?

பாட வந்து 50 ஆண்டு ஆனதைக் கொண்டாட எஸ்.பி.பி. உலகச் சுற்றுப்பயணம் கிளம்பினார். ஏற்பாடு மகன் எஸ்.பி.பி.சரண். 2017 மார்ச்சில் அமெரிக்காவில் இருந்தபோது, இளையராஜா தரப்பிலிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்தது. எஸ்.பி.பி., சரண், கே.எஸ்.சித்ரா, நிகழ்ச்சி ஏற்பாட்டாளர்கள் எல்லாருக்கும். இளையராஜாவின் பாடல்களை அவர் அனுமதி இல்லாமல் மேடையில் பாடக் கூடாது என்பது சாரம்.

எஸ்.பி.பி. ஃபேஸ்புக்கில் பதில் எழுதினார். இப்படி ஒரு சட்டம் இருப்பது தனக்குத் தெரியாது, சட்டம் என்றால் கட்டுப்படுவேன், வரும் நிகழ்ச்சிகளில் மற்ற இசையமைப்பாளர்களின் பாடல்களைப் பாடுவேன் என்றார். இதை வைத்துக் கடுமையாக யாரும் விவாதிக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். இணையம் கேட்கவில்லை. இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போட்டது.

தான் பாடிய பாட்டைத் தானே பாட அனுமதி வேண்டுமா?

பலருக்குப் புரியாத இடம் இது. ஒரு சினிமாப் பாட்டு சட்டத்தின் கண்ணில் ஒரே பொருள் இல்லை. வரி ஒரு படைப்பு. மெட்டு இன்னொரு படைப்பு. ஸ்டூடியோவில் பதிவான ஒலி மூன்றாவது. பாடகருக்கு இருப்பது ‘நிகழ்த்துநர் உரிமை’. அது அவருடைய பாடலைப் பாதுகாக்கிறது. மெட்டையோ வரியையோ அவருக்குச் சொந்தமாக்குவதில்லை.

எனவே மேடையில் ஒருவர் பாடும்போது, அனுமதி வாங்க வேண்டியது மெட்டுக்கும் வரிக்கும் உரியவரிடம். பாடுபவர் அந்தப் பாட்டை முதன்முதலில் பாடியவராகவே இருந்தாலும் அதே விதிதான்.

சரி, மெட்டுக்கு உரியவர் யார்? அங்கேதான் சிக்கல். 1957-ம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தை வைத்து, 1977-ல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பணம் கொடுத்துப் படத்துக்காகச் செய்யவைத்த இசைக்குத் தயாரிப்பாளரே முதல் உரிமையாளர் என்றது. 2012-ல் சட்டம் திருத்தப்பட்டது. இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் ராயல்டியில் பங்கு உண்டு, அதை எழுதிக் கொடுத்தாலும் விட்டுக்கொடுக்க முடியாது என்று ஆனது. இளையராஜாவின் பழைய பாடல்கள் குறித்து இசை நிறுவனங்களோடு நீதிமன்றங்களில் பல வழக்குகள் நடந்ததற்குப் பின்னணி இதுதான்.

ஆக, 2017 நோட்டீஸை இரண்டு நண்பர்களின் மனஸ்தாபம் என்று மட்டும் பார்த்தால் பாதிதான் புரியும். படைத்தவருக்குக் காலாகாலமாகக் காசு சேராத ஒரு தொழிலில், படைத்தவர் கேட்ட கணக்கு அது. அந்தக் கணக்கு பழைய கூட்டாளியின் மேடையில் போய் விழுந்ததுதான் எல்லாருக்கும் வலித்தது.

திருவிழா மேடைக்கும் இது பொருந்துமா?

பங்குனியிலும் சித்திரையிலும் ஆடியிலும் மேடை ஏறும் உள்ளூர்க் குழுக்களுக்கு இது சாப்பாட்டுப் பிரச்சினை. அவர்கள் வாசிப்பதில் பெரும் பங்கு சினிமாப் பாட்டுதான்.

சட்டத்தில் சில விலக்குகள் இருக்கின்றன. உண்மையான மதச் சடங்கின் பகுதியாகவோ, அரசு, உள்ளாட்சி அமைப்புகளின் அதிகாரப்பூர்வ விழாவிலோ பாட்டு வாசித்தால் அது மீறல் இல்லை. கல்யாண ஊர்வலமும் கல்யாணத்தை ஒட்டிய கொண்டாட்டங்களும் அந்தச் சடங்கு என்ற வரையறைக்குள் வருகின்றன. தொழில்முறையில் அல்லாத மன்றமோ சங்கமோ, டிக்கெட் இல்லாத கூட்டத்துக்கு முன்னாலோ, ஒரு மத நிறுவனத்தின் நன்மைக்காகவோ நடத்தும் நிகழ்ச்சிக்கும் விலக்கு உண்டு.

ஆனால் கோயில் திருவிழா என்றாலே எல்லாக் கச்சேரிக்கும் இந்த விலக்கு தானாகக் கிடைத்துவிடும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சம்பளம் வாங்கும் தொழில்முறைக் குழு, ஸ்பான்சர் பேனர், டிக்கெட் வைத்த மண்டபம் என்று வரும்போது கணக்கு மாறும். அப்போது உரிமம் வாங்குவது பொதுவாக நிகழ்ச்சியை நடத்துபவரின் பொறுப்பு. 1969-ல் தொடங்கிய ஐ.பி.ஆர்.எஸ். போன்ற அமைப்புகள், தங்கள் உறுப்பினர்களின் வரிகளுக்கும் மெட்டுகளுக்கும் இந்த உரிமத்தைத் தருகின்றன. எனவே அட்வான்ஸ் வாங்கும்போதே ‘உரிமம் யார் எடுப்பது?’ என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது குழுவுக்கு நல்லது.

நண்பர்கள் சேர்ந்து பேண்ட் தொடங்கினால்?

சனிக்கிழமை ரிகர்சல், திங்கட்கிழமை ஆபீஸ் என்று இப்போது நிறைய பேர் வாசிக்கிறார்கள். சிவகாசியில் அச்சகத்தில் டிசைனராக இருந்துகொண்டு வாசிக்கலாம், பெங்களூரில் கோடு எழுதிக்கொண்டும் வாசிக்கலாம். சென்னையில் ஐந்து பேர் 50 ஆண்டுக்கு முன்னால் பேசாமல் விட்டதை இவர்கள் பேசிவிடலாம்.

ஒன்று, குழுவின் பெயர் யாருக்குச் சொந்தம்? ஒருவர் விலகினால் பெயர் யாரோடு போகும்?

இரண்டு, சொந்தப் பாட்டு என்றால் மெட்டு யாருடையது, வரி யாருடையது? ‘எல்லாரும் சேர்ந்து செய்தோம்’ என்றால் எத்தனை சதவீதம்? யூடியூபில் ஏற்றும் நாளிலேயே எழுதி வையுங்கள். பாட்டு ஹிட் ஆன பிறகு எழுத உட்கார்ந்தால் பேனா ஓடாது.

மூன்று, கச்சேரிப் பணம் எப்படிப் பிரியும்? பாடுபவருக்கும் டிரம்ஸ் வாசிப்பவருக்கும் ஒரே பங்கா? வண்டி வாடகையும் சவுண்ட் செட் செலவும் முதலிலேயே கழியுமா?

நான்கு, ஒருவரை மட்டும் சினிமா கூப்பிட்டால்? இதுதான் தமிழ்க் குழுக்கள் எல்லாவற்றுக்கும் வரும் பரீட்சை. போகாதே என்று யாரும் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆனால் அவர் இல்லாத மாதங்களில் குழு என்ன செய்யும் என்று முன்கூட்டியே பேசலாம்.

இதைப் பேசினால் நட்பு கெட்டுவிடும் என்று பயப்படுவார்கள். பேசாமல் விட்டால் கெடாது என்று சொல்லவும் ஆள் இல்லை.

கடைசியில் என்ன ஆனது?

நோட்டீஸுக்கு இரண்டு ஆண்டு கழித்து, 2019 ஜூன் 2 அன்று சென்னையில் இளையராஜாவின் பெரிய கச்சேரி. அதற்கான ஒத்திகைக்கு எஸ்.பி.பி. வந்தார். இருவரும் கட்டிப்பிடித்து நின்ற படம் அன்று பல பேருடைய போனில் வாட்ஸ்ஆப் ஸ்டேட்டஸ். கச்சேரியில் எஸ்.பி.பி. பாடினார்.

2020 ஆகஸ்டில் கொரோனா தொற்றோடு அவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது இளையராஜா ஒரு வீடியோ வெளியிட்டார். பாலு சீக்கிரம் எழுந்து வர வேண்டும் என்றார். நம் நட்பு சினிமாவில் தொடங்கியது இல்லை, சினிமாவோடு முடிவதும் இல்லை என்பது அதில் அவர் சொன்னதன் பொருள். சினிமாவுக்கு முன்னால் என்றால், அந்த மேடைக் காலம். செப்டம்பர் 25 அன்று எஸ்.பி.பி. காலமானார்.

குழுவின் அடுத்த தலைமுறை இடையில் ஒரு காரியம் செய்திருந்தது. 2007-ல் ‘சென்னை 600028’ என்று ஒரு படம் வந்தது. தயாரிப்பு எஸ்.பி.பி.யின் மகன் சரண். இயக்கம் கங்கை அமரனின் மகன் வெங்கட் பிரபு. இசை இளையராஜாவின் மகன் யுவன் ஷங்கர் ராஜா. பழைய குழுவின் மூன்று வீட்டுப் பிள்ளைகள், ஒரே டைட்டில் கார்டில். அந்தப் படத்தில் ‘யாரோ’ என்ற பாட்டை கே.எஸ்.சித்ராவோடு பாடியவர், அந்தக் காலத்துக் குழுத் தலைவர் எஸ்.பி.பி.